பெரிய ற போட்ட பலகை

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. எந்தச் சுவரில் எந்த அதிகாரியின் காது இருக்கிறதோ, யார் கண்டது?

ஒரு ஆறு. மலையில் பிறந்தபோது அது எப்படித் துள்ளியதோ தெரியாது. எங்கள் பக்கம் வந்து சேரும்போது அதற்கு வயதாகிவிட்டிருந்தது. பூமி தட்டை. பள்ளம் எந்தப் பக்கம் என்று ஆற்றுக்கே சந்தேகம். போகலாமா வேண்டாமா என்று வளைந்து வளைந்து யோசித்து, சர்க்காரில் கொடுத்த மனு மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்தக் கரையில் சந்தை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை. அந்தக் கரையில் வயல், செங்கல் சூளை, வரிசையாக வீடுகள். நடுவே போக வர ஒரே படகு. படகோட்டிக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். பிறந்த நாளிலிருந்து அவன் எதற்கும் சட்டென்று திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் வைத்த பெயர். “அவசரம், கொஞ்சம் வாப்பா” என்று கூப்பிட்டால் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவான்.

ஆற்றுக்கும் துறை உண்டு, சர்க்காருக்கும் துறை உண்டு. ஆற்றுத் துறையில் இறங்கினால் கால் நனையும். சர்க்கார் துறையில் இறங்கினால் செருப்புத் தேயும். எங்களுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். படகுத்துறையை ஒட்டினாற்போல் படகுத்துறைத் துறை அலுவலகம். கால் நனைந்த கையோடு செருப்பையும் தேய்த்துக்கொள்ளலாம். அவ்வளவு வசதி.

வினை எப்படி வந்தது என்றால், சாயங்காலமானால் இந்தக் கரை இளவட்டங்கள் காற்று வாங்கப் படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போகும், வரும், மறுபடியும் போகும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிற எதிர்க்கரை ஆட்களுக்கு இடமே கிடைக்காது. அவர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள்.

அலுவலகத்தின் பெரிய ஐயா அந்த மனுவைச் சகல கோணங்களிலும் பரிசீலித்தார். அதாவது, அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “மாலைப் படகில் அக்கரையுள்ளோர் மட்டுமே ஏறலாம்.”

நல்ல உத்தரவு. குறையே சொல்ல முடியாது. வாயால் சொன்னவரைக்கும்.

தட்டச்சு செய்கிற அம்மாள் தலைமை எழுத்தரிடம் கேட்டாள்: “சார், அக்கரைக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?”

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுல யாரும்மா கையெழுத்துப் போடப்போறது?”

“பெரிய ஐயா.”

“பெரிய ஐயா உத்தரவுக்குச் சின்ன ர போடுவியா? நல்லா இருக்கு நியாயம்! பெரிய ற-வே போடு.”

போட்டாள். பலகை எழுதினவன் இடம் போதாமல் ‘மாலை’யை விட்டுவிட்டான். ஆகவே படகுத்துறையில், கறுப்புப் பலகையில், சுண்ணாம்பு எழுத்தில் இப்படி நின்றது: *படகில் அக்கறையுள்ளோர் மட்டுமே ஏறலாம்.*

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றுதானே? கடைசியில் எதிர்க்கரைத் தமிழ் வாத்தியார் கண்ணில் பட்டது. இந்தக் கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வருகிறவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் எழுத்தில் பிழை திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நேரே பெரிய ஐயாவிடம் போனார்.

“ஐயா, பலகையில ஒரு எழுத்து தப்பு. சின்ன ர வரணும். அக்கரைன்னா எதிர்க்கரை. பெரிய ற போட்டா கரிசனம், பரிவு, கவலைன்னு ஆயிடும்.”

“அது யார் உத்தரவு வாத்தியாரே?”

“உங்களுது.”

“நான் தப்புப் பண்ணுவேனா?”

“நீங்க இல்லைங்க, எழுத்துதான்...”

“உத்தரவுல தப்பு இருக்காது. அர்த்தத்துலதான் இருக்கும். அர்த்தத்தை மாத்திக்கலாம்.”

“காகிதத்தை எடுத்து ஒரு தடவை பாருங்களேன்.”

“காகிதம் அலமாரியில தூங்கும். பலகைதான் ஊரோட பேசும். பலகையில என்ன இருக்கோ அதுதான் உத்தரவு.”

பக்கத்தில் நின்ற தலைமை எழுத்தர் மெல்லக் கனைத்தார். “அப்போ யாருக்கு அக்கறை இருக்கு, யாருக்கு இல்லன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?”

“அருமையான கேள்வி,” என்றார் பெரிய ஐயா. “நீயே கண்டுபிடி.”

தலைமை எழுத்தர் அன்றைக்கே ‘அக்கறை ஆய்வாளர்’ ஆகிவிட்டார். பலகையின் கீழ் அமர்ந்து பணியாற்றக் கடவர் என்று ஆணை. ஒரு நாற்காலி, ஒரு குடை, நீல மையில் ‘அக்கறை உண்டு’ என்று ஒரு முத்திரை. அக்கறை இருப்பதாகத் தெரிந்தால் முழங்கையில் குத்துவார். குத்து விழாதவர் படகில் ஏற முடியாது.

முதலில் வந்தது ஒரு செங்கல் சூளைக்காரர்.

“யார் மேல அக்கறை?”

“வீட்டுக்குப் போகணும் சார். லேட்டானா பொண்டாட்டி கொன்னுடுவா.”

“அது பயம். அடுத்த ஆள்.”

அடுத்தவர் ஒரு மருமகன். “மாமியாருக்கு உடம்பு முடியல சார். ரொம்ப மோசமாம்.”

ஆய்வாளர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “அப்புறம் ஏன் சிரிக்கறீங்க?”

“சிரிக்கலைங்க, முகமே அப்படி.”

“முகத்தைச் சரி பண்ணிட்டு வாங்க. அடுத்த ஆள்.”

ஊர் சும்மா இருக்குமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஊர். ஒரே வாரத்தில் எல்லோரும் முகத்தைச் சரி பண்ணிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வேலையில்லாமல் இருந்த ஒரு நாடக நடிகர் ‘அக்கறைப் பயிற்சி நிலையம்’ திறந்தார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பது எப்படி, புருவத்தை நடுவில் தூக்குவது எப்படி, “ச்சு” கொட்டும்போது நாக்கு எங்கே இருக்க வேண்டும், எல்லாம் முறைப்படி சொல்லிக்கொடுத்தார். முடிதிருத்துகிற கடையில் ‘அக்கறை வெட்டு’ வந்தது. முன்மயிர் கண்ணில் விழுந்து பார்க்கவே பரிதாபமாக இருக்கும். தையல்காரர் தோள் தொங்குகிற மாதிரி ‘அக்கறைச் சட்டை’ தைத்தார். இளவட்டங்கள் தெருவில் பார்த்துக்கொண்டால் “சாப்பிட்டியா” என்பதை விட்டுவிட்டு, “என்னடா, எப்படித் தாங்கிக்கறே?” என்று கேட்டுக்கொண்டார்கள். எதைத் தாங்குவது என்று யாருக்கும் தெரியாது.

முத்திரை கழுவினால் போய்விடும். அதனால் அக்கறை உள்ளவர்கள் யாரும் குளிக்கவில்லை. படகில் அவர்கள் பக்கத்தில் உட்காருவதற்கே தனி மனசு வேண்டும்.

வாத்தியார் மட்டும் முத்திரை வாங்க மறுத்துவிட்டார். “பிழையான சொல்லை என் உடம்புல குத்த விடமாட்டேன்!” பள்ளிக்கூட பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். அவர் சம்சாரத்திடமிருந்து சேதி வந்தது: “அவசரமில்லை. மெதுவா வரட்டும்.”

இப்படி ஊர் முழுக்க அக்கறை பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் வாத்துக்காரிக்கு வந்தது இடி.

இந்தக் கரையில் இருந்தவள் அவள். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. நிலம், வேலை, சொந்தம், பந்தம் எல்லாமே ஒரு மந்தை வாத்துதான். ஒரு நாள் காலை அந்த வாத்துகள் ஆற்றில் இறங்கி, ஆய்வாளரையும் பலகையையும் ஏறிட்டுப் பார்க்காமல், நீந்தி எதிர்க்கரை ஏறிவிட்டன. அங்கே துறையின் கிளை அலுவலகம். அதன் பியூன் அத்தனையையும் வளைத்துப் பட்டியில் அடைத்தான். முத்திரையின்றி ஆற்றைக் கடந்த குற்றம். மறுநாள் காலை ஏலம். இறைச்சிக் கடைக்காரர் அன்றைக்கே வந்து ஒரு வாத்தைத் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சேதி கேட்டு வாத்துக்காரி துறைக்கு ஓடிவந்தாள்.

“யார் மேலம்மா அக்கறை?” என்றார் ஆய்வாளர்.

“என் வாத்துங்க மேல சார்.”

“மனுசங்க மேல?”

“மனுசங்க முட்டை போடறதில்லையே.”

“அப்போ இது அக்கறை இல்ல, வியாபாரம். அதுக்கு வேற துறை.”

“நாளைக்குக் காலையில அறுத்துடுவாங்க சார்!” அவள் கத்தியே விட்டாள்.

“இப்போ உன் முகத்துல இருக்கறது கோபம். கோபத்துக்கு எங்ககிட்ட முத்திரை இல்ல. தள்ளி நில்லும்மா.”

அப்புறம் அழுகை வந்தது. பயிற்சி நிலையத்தில் கற்ற அழுகை இல்லை, மூக்கெல்லாம் ஒழுகுகிற அழுகை. அதைப் பார்த்து ஆய்வாளர் முகத்தைச் சுளித்தார். படகு நிறைய முத்திரை குத்திக்கொண்டவர்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்தார்கள். “ச்சு, ச்சு, ச்சு” என்றார்கள். ஒரு தாளம் பிசகவில்லை.

“அட, நீங்களாவது அங்க போய் என் வாத்துங்களை விடச் சொல்லுங்களேன்!”

அக்கறை வெட்டு வெட்டியிருந்த ஒரு பையன் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு சொன்னான்: “முத்திரை வாங்கியாச்சு அத்தை. அதுக்கு மேலயும் அக்கறைப்படணும்னு உத்தரவுல இல்லையே.”

படகு போய்விட்டது.

வாத்துக்காரி கண்ணைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். பலகையை ஒரு பார்வை பார்த்தாள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து, கடலை கட்டி வந்த காகிதத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரையா, அந்தப் பலகையில என்னதான் தப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். பெரிய ஐயா சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். அவள் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“பலகையில என்ன இருக்கோ அதுதான் உத்தரவா?”

“அப்படித்தான் சொன்னார் அந்த மகானுபாவர்.”

“அப்போ நீங்களே போய்ச் சின்ன ர போட்டுடுங்களேன்.”

வாத்தியார் முகம் விளக்கு வைத்த மாதிரி ஆனது. உடனே அவளே, “இருங்க, இருங்க,” என்றாள். “சின்ன ர போட்டா எதிர்க்கரைக்காரங்க மட்டும்தான் ஏறலாம். நீங்க வீடு போய்ச் சேர்ந்துடுவீங்க. நான் இந்தக் கரைக்காரி. என் வாத்து?”

வாத்தியார் யோசித்தார். அவளும் யோசித்தாள்.

“உங்களுக்குச் சக்கரை இருக்குல்ல?”

“ரொம்ப வருசமா இருக்கு. ஏன்?”

“அக்கரைக்கும் சக்கரைக்கும் முதல் எழுத்துதானே வித்தியாசம்?”

“தப்பு!” என்று எழுந்துவிட்டார் வாத்தியார். “பொய் எழுத மாட்டேன். அதுவும் சக்கரைங்கறது கொச்சை. சர்க்கரைன்னு எழுதணும். நடுவுல ஒரு ர் வரும்.”

“அதுவும் சின்ன ர-தானே?”

வாத்தியார் நின்றார். விரலை மடக்கிப் பார்த்தார். ஒரு பெரிய ற-வை எடுத்துவிட்டு இரண்டு சின்ன ர போடலாம். வாழ்க்கையில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?

“கரித்துண்டு இருக்கா?” என்று கேட்டார்.

உச்சி வெயில். ஆய்வாளர் சாப்பிட்டுவிட்டுக் குடையின் கீழ் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பலகை உயரம். வேறு வழியில்லாமல் வாத்தியார் அந்த நாற்காலியின் கைப்பிடியிலேயே ஏறி நின்றார். அவசரம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவன் எதையும் மெதுவாகச் செய்கிறவன் ஆகையால் பிடி ஆடவே இல்லை. வாத்தியார் கரியால் அழித்தார், சுண்ணாம்பால் எழுதினார், புள்ளியை மட்டும் மூன்று தடவை அழகு பார்த்தார். அதற்குள் வாத்துக்காரி மளிகைக் கடைக்குப் போய் ஒரு கைப்பிடி சர்க்கரை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆய்வாளர் விழித்தார். சோம்பல் முறித்தார். நிமிர்ந்தார். *படகில் சர்க்கரையுள்ளோர் மட்டுமே ஏறலாம்.*

அலறிக்கொண்டு பெரிய ஐயாவிடம் ஓடினார். பெரிய ஐயா ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தார். இப்படி ஓர் உத்தரவு போட்டோமா என்று யோசித்தார். போட்ட ஞாபகம் இல்லை. ஆனால் போடாத ஞாபகமும் இல்லை. மேசை இழுப்பறையில், ஊழியர் யாருக்கும் தெரியாமல் அவர் ஒளித்துவைத்திருந்த சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“நோயாளிகளுக்கு முன்னுரிமை. நான் எப்பவோ யோசிச்சு வெச்சது. நீ இப்பதான் கவனிக்கறே.”

துறையில் கூட்டம் கூடிவிட்டது. சர்க்கரை உள்ள பெரியவர்கள் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். இத்தனை நாள் மறைத்தவர்களெல்லாம், “எனக்கு உன்னைவிட அதிகம்!” என்று சண்டை பிடித்தார்கள். அக்கறை வெட்டுப் பையன்கள் முழங்கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மிட்டாய்க் கடைக்கு ஓடினார்கள், எப்படியாவது வரவழைத்துக்கொள்ளலாம் என்று.

“உனக்குச் சர்க்கரை இருக்கா?” என்றார் ஆய்வாளர் வாத்துக்காரியிடம்.

“இருக்கு சார்.” சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினாள்.

“இது கடைச் சர்க்கரை!”

“எந்தச் சர்க்கரைன்னு போட்டிருக்கா சார்?”

ஆய்வாளர் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகப் படித்தார். போடவில்லை. “ஏறு,” என்றார்.

எதிர்க்கரையில் பட்டி வாசலில் பியூன். வாத்துக்காரியின் குரல் கேட்டதுமே உள்ளே மந்தை முழுக்க ஒரே கூச்சல்.

“முத்திரை இல்லாத வாத்தை விட முடியாது.”

“முத்திரை பழைய உத்தரவுப்பா. இப்போ சர்க்கரை. அந்தப் பக்கம் போய் விசாரிச்சுக்கோ.”

“வாத்துக்குச் சர்க்கரை இருக்கான்னு நான் எங்க போய்ப் பாக்கறது?”

அவள் வேலிக்கு மேலே கையை நீட்டி, சுருக்குப்பையைப் பட்டிக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தாள். வாத்துகள் கழுத்து வரைக்கும் தலையை விட்டன. “பார்த்துக்கோ. இதுக்கு மேல என்னப்பா வேணும்?”

மறுபடியும் கனம் பார்க்க வந்து நின்ற இறைச்சிக் கடைக்காரர் முந்திக்கொண்டார். “சர்க்கரை வாத்தா? எனக்கு வேண்டவே வேண்டாம். என் கடைக்கு வர்றவங்களுக்கு இருக்கற சர்க்கரையே போதும்.”

ஏலம் எடுக்க ஆளில்லை. பியூன் கதவைத் திறந்துவிட்டான். வாத்துகள் அவளுக்கு முன்னாலேயே ஆற்றில் இறங்கி வீட்டைப் பார்த்து நீந்தின. வாத்தியாரும் வீடு போய்ச் சேர்ந்தார். சம்சாரம், “அதுக்குள்ளயா?” என்றாராம்.

இத்தோடு பலகையைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும், இல்லையா? ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை. பலகையில் இருப்பதுதான் உத்தரவு என்ற சூட்சுமம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஆளுக்கொரு கரித்துண்டு. ஒரு நாள் *வழுக்கையுள்ளோர்* என்று இருந்தது. முடிதிருத்துகிறவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மறுநாள் *மீசையுள்ளோர்*. சந்தைக்குப் போகிற பெண்களெல்லாம் அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டார்கள். அடுத்து *மாமியாருள்ளோர்*. சிரித்த முகத்து மருமகன் மாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பில்லை. வாத்தியார் தினமும் வந்து பார்த்து, “ம், பிழையில்லை” என்று திருப்தியோடு போனார். ஆய்வாளர் தினமும் காலையில் நிமிர்ந்து படித்து, அதன்படி நடந்தார்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் *பொறுமையுள்ளோர்* என்று எழுதிவைத்தான்.

ஆய்வாளர் விதியை விளக்கினார்: “யார் படகுல ஏற முதல்ல காலை எடுத்து வைக்கறாங்களோ, அவங்களுக்குப் பொறுமை இல்லன்னு அர்த்தம்.”

யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. எல்லோருக்கும் பொறுமை உண்டே! வரிசை துறையிலிருந்து சந்தை வரைக்கும் நீண்டது. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று பெரிய ஐயாவே வந்து முதல் ஆளாக நின்றார். அவசரம் காலிப் படகில் படுத்துத் தூங்கினான். பொழுது ஏறியது. எவரும் அசையவில்லை.

வாத்துக்காரி வந்தாள். வாத்துகளை ஏற்கனவே எதிர்க்கரை வயலுக்கு நீந்த விட்டாயிற்று, இவள் போய்ச் சேர வேண்டும். வரிசையைப் பார்த்தாள். ஆய்வாளரைப் பார்த்தாள். அவர் நாற்காலியின் கைப்பிடியில் ஏறிப் பலகையைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பலகை எங்கேயோ ஆய்வாளர் அங்கே. அவர் நாற்காலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ஆய்வாளர் எங்கேயோ வரிசை அங்கே. மொத்த வரிசையும் ஒழுங்கு குலையாமல் அவர் பின்னால் போனது.

அவள் பலகையை வாத்துக் கொட்டகைக் கதவில் மாட்டினாள். ஆய்வாளர் அதன் கீழ் உட்கார்ந்தார். வரிசை கொட்டகை வாசலில் நின்றது. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து முதல் ஆளான பெரிய ஐயா கையில் கொடுத்து, “சும்மா நிக்கற நேரத்துல உள்ள பெருக்கிடுங்க. முட்டையை மட்டும் மிதிச்சுடாதீங்க,” என்றாள். பிறகு துறைக்குத் திரும்பி வந்து, காலியாகக் கிடந்த படகில் ஏறி, அவசரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.